புழுவின் ரத்தத்தில் கிட்னி பிழைக்குமா? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் டயாலிசிஸ் பற்றிய பதிலின் கடைசியில், பிரான்ஸில் கடற்கரைப் புழு ஒன்றின் ஹீமோகுளோபினை வைத்து தானச் சிறுநீரகத்தைப் பாதுகாக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இப்போது மேஜை முழுக்கக் கிடக்கின்றன. ஆகவே சர்க்கரை, மூட்டுவலி கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டாக்டர் இல்லை. கோயம்புத்தூரில் இதய அறுவை அரங்கில் ஹார்ட்-லங் மெஷின் ஓட்டியவள். பெர்ஃப்யூஷனிஸ்ட் என்பார்கள். நோயாளியின் ரத்தத்தை வெளியே எடுத்து, கரியமில வாயுவைக் கழித்து, ஆக்சிஜன் ஏற்றித் திரும்ப உள்ளே அனுப்புவது என் வேலை. ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊரான கோத்தகிரிக்கே வந்துவிட்டேன். இந்த விஷயம் என் பிழைப்போடு ஒட்டியது என்பதால் வாய் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உறுப்பை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு ஓடுவதை டி.வி.யில் பார்க்கிறோம். ஐஸில் வைத்த பொருள்தான் கெடாதே, அதற்கு எதற்கு ஆக்சிஜன்?
– சிறு தேயிலை விவசாயி, அரவேணு

அண்ணா, இதற்குப் பதில் உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. காலையில் பறித்த இலையைச் சாக்கில் அமுக்கித் திணித்து, லீஃப் லாரி வரும் வரை ரோட்டோரம் போட்டு வைத்தால் என்ன ஆகும்? மத்தியானம் சாக்குக்குள் கையை விட்டால் சுடும். நடுவில் இருக்கிற இலை சிவந்து போயிருக்கும். ஃபேக்டரியில் முகத்தைச் சுளிப்பார்கள். செடியை விட்டுப் பிரிந்த பிறகும் இலை மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கிறது. காற்றுப் போகாத இடத்தில் அடைத்தால் தன் சூட்டிலேயே வெந்து கெடுகிறது. உடலை விட்டு வந்த சிறுநீரகமும் இந்த விஷயத்தில் இலைதான். வெட்டியெடுத்தாலும் அது செத்துப்போவதில்லை. ஒவ்வொரு செல்லும் ஆக்சிஜன் கேட்டுக்கொண்டே இருக்கும்.

குளிர வைத்தால் அந்தப் பசி குறையும், ஆனால் நிற்காது. 37 டிகிரியில் இருக்கும் உறுப்பை 4 டிகிரிக்குக் கொண்டு வந்தால் அதன் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகும். மீதியுள்ள அந்த ஒரு பங்குதான் தலைவலி. ஆக்சிஜன் வராவிட்டால் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. தீர்ந்துபோகும். அது தீர்ந்தால், சோடியத்தை வெளியே தள்ளி பொட்டாசியத்தை உள்ளே இழுத்து வைக்கிற பம்புகள் நின்றுவிடும். பிறகு சோடியமும் தண்ணீரும் உள்ளே புகுந்து செல் ஊதும். இதைத் தடுக்கத்தான் உறுப்பை வெறும் உப்பு நீரில் போடாமல், தனியாகத் தயாரித்த கரைசலில் வைக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சரும் சதர்டும் 1980களில் உருவாக்கிய யூ.டபிள்யூ. கரைசல் இன்றைக்கும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. செல்லுக்குள் இருப்பதைப் போலவே அதிலும் பொட்டாசியம் அதிகம். தண்ணீர் செல்லுக்குள் புகாமல் தடுக்க, எளிதில் உள்ளே நுழைய முடியாத பெரிய மூலக்கூறுகளையும் அதில் சேர்த்திருக்கிறார்கள்.

அறுவை அரங்கில் இதைப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் வெளியே வரும்போது கருஞ்சிவப்பாக இருக்கும். மேஜையில் ஐஸ் துருவலுக்கு நடுவே வைத்த கிண்ணத்தில் இட்டு, ரத்தக் குழாய்க்குள் சின்னக் குழாயைச் செருகி, குளிர்ந்த கரைசலைச் செலுத்துவார்கள். முதலில் வெளியே வருவது ரத்தம், அப்புறம் வெளிர் ரத்தம், அப்புறம் தெளிந்த நீர். அதற்குள் சிறுநீரகம் திட்டுத் திட்டாக வெளுத்து, கடைசியில் ஒரே சாம்பல் வெள்ளையாகிவிடும். பிறகு மூன்று பைகள். முதல் பையில் கரைசலோடு உறுப்பு, இரண்டாவதில் குளிர்ந்த சலைன், மூன்றாவது வெளிக் காப்பு. அதற்கு மேல்தான் ஐஸ். ஐஸ் உறுப்பை நேராகத் தொடவே கூடாது. தொட்ட இடம் உறைந்து செத்துவிடும்.

இப்படி வைத்தால் இதயம் 4 மணி நேரம், அதிகம் போனால் 6. நுரையீரலுக்கு 6 முதல் 8. கல்லீரலுக்கு 12க்குள் முடித்துவிடப் பார்ப்பார்கள். சிறுநீரகம் 24 முதல் 36 மணி வரை தாங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் இருக்கும்போது நடப்பதை விட, திரும்ப ரத்தம் பாய்கிற முதல் சில நிமிடங்களில் நடக்கிற சேதம் பெரிது. ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் செல்களில் சக்சினேட் என்ற பொருள் குவிந்து கிடக்கும். திடீரென்று ஆக்சிஜன் வந்ததும் அது தாறுமாறாக எரிந்து, செல்லையே அரிக்கிற ஆக்சிஜன் கழிவுகளை உண்டாக்கும். இதனால்தான் பொருத்திய சிறுநீரகம் சிலருக்கு முதல் வாரம் சிறுநீரே பிரிக்காமல் படுத்துக்கொள்கிறது. நோயாளி மறுபடி டயாலிசிஸுக்குப் போக வேண்டியிருக்கும். பெட்டிக்குள் இருக்கும்போதே சிறிதளவு ஆக்சிஜன் கிடைத்துக்கொண்டிருந்தால் இந்தக் குவிப்பு குறையும். ஆக்சிஜனைச் சுமந்துபோய்க் கொடுக்கிற பொருள்களை, அதாவது ஆக்சிஜன் கடத்திகளை, தேடிப் போனது இதற்காகத்தான்.

அந்தப் புழு எது? அதன் ரத்தத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அது நிஜமாகவே வேலை செய்கிறதா?
– வாசகி, கேத்தி

அரெனிகோலா மரினா என்பது பெயர். ஐரோப்பியக் கடற்கரைச் சேற்று மணலில் வளை தோண்டி வாழ்கிறது. அங்கே மீன்பிடிக்கிறவர்கள் தூண்டிலில் கோக்கிற புழு இதுதான். அலை ஏறி இருக்கும்போது தண்ணீரில் இருந்து ஆக்சிஜன் எடுக்கும். அலை வடிந்தால் அடுத்த ஏற்றம் வரும் வரை மணிக்கணக்கில் மூச்சில்லாமல் கிடக்கும். அந்த நேரத்துக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன் ஹீமோகுளோபினிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஃபிராங்க் ஜால் என்ற பிரெஞ்சு உயிரியலாளர் இதை ஆராய்ந்து, 2007இல் பிரிட்டனி பகுதியின் மோர்லே ஊரில் ஹெமரினா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

நம் ஹீமோகுளோபின் ஒன்று 4 ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பிடிக்கும். இந்தப் புழுவினுடையது 156 வரை பிடிக்கும். அவ்வளவு பெரிய மூலக்கூறு அது. நம்முடையது சிவப்பணுவுக்குள் அடைந்து கிடக்கிறது. இதுவோ பையில்லாமல் ரத்தத்தில் அப்படியே மிதக்கிறது. சிவப்பணு இல்லை என்பதால் ரத்த குரூப் தகராறும் இல்லை. 4 டிகிரியிலும் வேலை செய்கிறது, 37 டிகிரியிலும் வேலை செய்கிறது. பம்பு, மெஷின் எதுவும் தேவையில்லை. வழக்கமான கரைசலில் கலந்துவிட்டு, பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போகலாம்.

வேலை செய்கிறதா என்று கேட்டீர்கள். பிரான்ஸில் 58 பேருக்கு 60 சிறுநீரகங்களை இப்படிப் பாதுகாத்துப் பொருத்திய சோதனையின் முடிவு 2020இல் வெளியானது. அலர்ஜி, ரத்தம் உறைதல், எதிர்ப்பு எதுவும் இதனால் வரவில்லை. அதே கொடையாளரின் மற்றொரு சிறுநீரகம் வழக்கமான முறையில் போய்ப் பொருத்தப்பட்டதே, அதோடு ஒப்பிட்டால் தாமதமாக விழித்துக்கொள்கிற தொல்லை இதில் குறைவு. ஐரோப்பிய அனுமதி 2022இல் கிடைத்தது. ஆனால் ஒன்று. அந்தச் சோதனை முதலில் ஆபத்து உண்டா என்று பார்க்க நடத்தியது. நன்மை எவ்வளவு என்று அளக்க 60 சிறுநீரகம் போதாது. பத்திரிகைகள் அதற்குள் அதிசயப் புழு என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டன. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன்.

பிளஸ் டூ உயிரியல் படிக்கிறேன். புழு ரத்தத்துக்கெல்லாம் போவதற்குப் பதில், மனித ரத்தத்திலேயே உறுப்பை வைத்தால் என்ன? இல்லாவிட்டால் கரைசலில் ஆக்சிஜனைக் குமிழ் விட்டால் போதாதா?
– மாணவர், கூடலூர்

நல்ல கேள்வி தம்பி. இரண்டாவதற்கு முதலில் வருகிறேன். உடல் சூட்டில் 100 மில்லி தண்ணீரில், சுத்தமான ஆக்சிஜனையே விட்டாலும் இரண்டரை மில்லிக்குள்தான் கரையும். அதே அளவு ரத்தம் 20 மில்லி சுமக்கும். ஹீமோகுளோபின் ஒரு கிராமுக்கு 1.34 மில்லி என்று உன் பாடப் புத்தகத்திலேயே இருக்கும், கணக்குப் போட்டுப் பார். ஆனால் தண்ணீர் குளிரக் குளிர அதில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும், உறுப்பின் தேவையோ குறையும். ஆகவே குளிர்ந்த நிலையில், பம்பு வைத்துக் கரைசலைச் சுற்ற விட்டால், கடத்தியே இல்லாமல் குமிழ் ஆக்சிஜனை வைத்தே சமாளிக்கலாம். நெதர்லாந்தில் கல்லீரலுக்கு இப்படிச் செய்து பார்த்தார்கள். பித்தநாளம் சுருங்கிப் போகிற சிக்கல், வெறும் ஐஸ் பெட்டியில் வந்த கல்லீரலைப் பெற்றவர்களில் 18 சதவீதம். மெஷினில் 2 மணி நேரம் ஆக்சிஜன் கொடுத்த கல்லீரலைப் பெற்றவர்களில் 6 சதவீதம். 2021இல் வந்த ஆய்வு அது. நீ கேட்ட குமிழ் யோசனையைச் சும்மா நினைக்காதே.

இனி மனித ரத்தம். குளிரில் ரெண்டு வம்பு செய்யும். சிவப்பணு விறைத்துக்கொள்ளும், ரத்தம் கெட்டியாகும், நுண்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். அதோடு குளிரில் நம் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. சுமை நிறைய இருக்கும், இறக்கி வைக்காது. ஆகவே மனித ரத்தம் வேண்டுமென்றால் உறுப்பைச் சூடாகவே வைக்க வேண்டும். அப்படியும் ஒரு வழி இருக்கிறது. கல்லீரலை 37 டிகிரியில் மெஷினில் ஏற்றி, சிவப்பணு கலந்த திரவத்தைச் சுற்ற விடுவார்கள். அது பித்தம் சுரக்கும், லாக்டேட் என்ற கழிவைக் குறைக்கும், தேறுமா தேறாதா என்று பொருத்துவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஐரோப்பாவில் 220 கல்லீரல்களில் செய்த ஆய்வு 2018இல் வந்தது. சேதம் பாதியாகக் குறைந்தது, பயன்படாது என்று தூக்கிப் போடுவதும் பாதியாகக் குறைந்தது.

ஆனால் பம்புக்கும் சிவப்பணுவுக்கும் ஆகாது. இது என் சொந்த அனுபவம். நீண்ட நேரம் ஓடுகிற கேஸ்களில் உருளைகளுக்கு இடையே நசுங்கிச் சிவப்பணு உடையும். நோயாளியின் சிறுநீர் சேருகிற பிளாஸ்டிக் பையில் முதலில் தெரியும். மஞ்சளாக இருந்தது ரோஸ் ஆகும், அப்புறம் தேநீர் நிறம். பார்த்ததும் வயிற்றைப் பிசையும். அணுவை விட்டு வெளியே வந்த ஹீமோகுளோபின் சிறுநீரகத்தைக் குத்தும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும். இதை மனதில் வைத்துக்கொள், அடுத்த பதிலில் வேண்டும்.

செயற்கை ரத்தம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று நான் வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து படிக்கிறேன். ஓய்வும் பெற்றுவிட்டேன். என்னதான் ஆயிற்று?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், குன்னூர்

சார், வந்தது, தோற்றது, இப்போது வேறு வேலைக்குச் சேர்ந்திருக்கிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இது.

1966இல் லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர், எலியை ஒரு திரவத்துக்குள் முழுக்க அமுக்கி வைத்தார். எலி சாகவில்லை. அந்தத் திரவத்தையே மூச்சாக இழுத்து உயிரோடு இருந்தது. அது பெர்ஃப்ளூரோகார்பன். ஆக்சிஜனைப் பிடித்து வைக்காது, அபாரமாகக் கரைத்துக்கொள்ளும். சுத்தமான ஆக்சிஜனை விட்டால் 100 மில்லிக்கு 40 மில்லிக்கு மேல் போகும். இதிலிருந்து பிறந்த ஃப்ளூஸால் என்ற மருந்துக்கு அமெரிக்கா 1989இல் அனுமதி கொடுத்தது. இதயக் குழாயில் பலூன் வைக்கும்போது பயன்படுத்தச் சொன்னார்கள். 1994இல் கடையைக் கட்டியது. தயாரிக்கிற, உருக்குகிற, கலக்குகிற தொந்தரவு ஒரு பக்கம், பயன் சொற்பம் இன்னொரு பக்கம்.

அதே ஜாதித் திரவம் உறுப்புப் பெட்டிக்குள் வந்தது ஜப்பானில். கோபே நகரத்துக் குரோடா குழு, 1988இல், கீழே பெர்ஃப்ளூரோகார்பன், மேலே வழக்கமான பாதுகாப்புக் கரைசல் என்று இரண்டு அடுக்காக ஊற்றியது. கீழே இருப்பது தண்ணீரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். இரண்டும் கலக்காது. கணையத்தை விட்டால் நடுவில் மிதக்கும். கீழிருந்து ஆக்சிஜன், மேலிருந்து கரைசல். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! எலி, நாய் கணையத்தில் நன்றாக வந்தது. மனிதக் கணையம் தடிமன். வெளியிலிருந்து ஆக்சிஜன் மேல்தோலைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நுழையும். நடுப்பகுதி பட்டினிதான். ரத்தக் குழாய் வழியாகக் கொண்டு போகாமல் வெளியே தடவுவதில் பலன் இவ்வளவுதான்.

இரண்டாவது வழி, மாட்டு ரத்தத்திலிருந்து ஹீமோகுளோபினைப் பிரித்து, ஒன்றோடொன்று கோத்துப் பெரிதாக்கிச் செய்த ஹீமோப்யூர். ஃபிரிட்ஜ் வேண்டாம், குரூப் பார்க்க வேண்டாம், வருடக்கணக்கில் கெடாது. தென்னாப்பிரிக்கா 2001இல் அனுமதித்தது. நம்மைப் போல மலையில் இருக்கிறவர்களுக்கு வரப்பிரசாதம் என்று நானே அப்போது நினைத்தேன். அமெரிக்கா மறுத்துவிட்டது. 2008இல் இந்த வகைப் பொருள்கள் ஐந்தின் மீது நடந்த 16 சோதனைகளை, மொத்தம் 3,711 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மாரடைப்பு 2.7 மடங்கு, இறப்பு 1.3 மடங்கு. மாணவருக்குச் சொன்னேனே, அணுவுக்கு வெளியே திரிகிற ஹீமோகுளோபின், ரத்தக் குழாயைத் தளர்த்தி வைக்கிற நைட்ரிக் ஆக்சைடைக் கபளீகரம் செய்துவிடும். குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், பலவீனமான இதயம் தாங்காது.

சரி, மனிதனுக்கு ஆகாதது தனித்த கல்லீரலுக்கு ஆகுமா? ஆகும். மெஷினில் இருக்கும் கல்லீரலுக்கு மாரடைப்பு வராது. குழாய் சுருங்கினால் தளர்த்துகிற மருந்தைத் திரவத்திலேயே கலக்கலாம். பிரஷர் எவ்வளவு என்று பம்பில் நாமே வைக்கிறோம். வேலை முடிந்ததும் திரவத்தை அலசி ஊற்றிவிடலாம். மனிதனுக்கு ரத்தமாக இருக்க வேண்டுமென்றால் வாரக்கணக்கில் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும், இங்கே சில மணி நேரம் போதும். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரத்தில் எல்லா மருத்துவமனைகளும் வேண்டாம் என்று ஒதுக்கிய கல்லீரல்களை எடுத்து, குளிரில் தொடங்கி மெல்லச் சூடேற்றி 37 டிகிரிக்குக் கொண்டு வந்தார்கள். சிவப்பணு என்றால் குளிருக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என்று நடுவில் திரவத்தை மாற்ற வேண்டும். மாட்டு ஹீமோகுளோபின் இரண்டுக்கும் ஒன்றே போதும். முதலில் செய்த 7இல் 5 தேறின, ஐந்தையும் பொருத்தினார்கள். 2019இல் வெளியான செய்தி.

இந்தத் துறையில் என்னைக் கேட்டால் கூடுதல் மணி நேரம் என்பதை விட இதுதான் பெரிய லாபம். தூக்கிப் போடப்போன உறுப்பு ஒருவருக்குப் போய்ச் சேர்கிறதே!

அப்புறம், நீங்கள் வரலாற்று வாத்தியார் என்று எழுதியிருப்பதால் ஒரு உபரி. உறுப்பை உடலுக்கு வெளியே உயிரோடு வைக்கிற பம்பை 1935இல் செய்தவர் அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் தாண்டிய சார்லஸ் லிண்ட்பெர்க். மைத்துனிக்கு இதய நோய் வந்ததால் இதில் இறங்கி, நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் கேரலோடு சேர்ந்து, கண்ணாடியிலேயே செய்தார். நான் ஓட்டிய மெஷினுக்கு அது பெரியப்பா முறை.

நாங்கள் சுத்த சைவம். மாட்டு ரத்தம், புழு ரத்தம் போட்ட கிட்னியை வைத்தால் அது உடம்பில் தங்கிவிடாதா?
– வாசகி, உதகை

பொருத்திய பிறகு உள்ளே ஓடுவது உங்கள் சொந்த ரத்தம். பாதுகாப்புத் திரவத்தில் எங்காவது ஒட்டியிருந்தால் சொற்பம், அதையும் உடல் கழித்துவிடும். ஆனாலும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை: ஆபரேஷனில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற ஹெபாரின், பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. எத்தனையோ சைவர்களுக்கு மாட்டு இதயச் சவ்வில் செய்த வால்வு வைத்திருக்கிறார்கள். மனம் ஒப்பவில்லை என்றால் முன்கூட்டியே சர்ஜனிடம் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். இங்கே நம் பக்கத்தில் சிறுநீரகம் வருவது பெரும்பாலும் சாதாரண ஐஸ் பெட்டியில்தான். புழுவுக்கு இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

என் அண்ணன் மகன் மலைப்பாதையில் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். தானம் செய்ய நினைத்தோம், முடியவில்லை. இந்த மாதிரிக் கடத்திகள் இருந்திருந்தால் ஊட்டியிலிருந்தே உறுப்புகளைக் கீழே அனுப்பியிருக்கலாமா?
– தாய் ஒருவர், அருவங்காடு

அம்மா, அந்த நேரத்திலும் தானம் செய்ய நினைத்தீர்களே. உங்கள் கேள்விக்குப் பூசி மெழுகாமல் பதில் சொல்கிறேன். அனுப்பியிருக்க முடியாது, காரணம் பெட்டியில் இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஊட்டியிலிருந்து கோவைக்கு மூன்று மணி நேரம். குன்னூர் – மேட்டுப்பாளையம் பாதையில் மட்டும் 14 கொண்டை ஊசி வளைவு. பலாப்பழ சீசனில் பர்லியாறு பக்கம் யானை ரோட்டில் நின்றால் அது நகரும் வரை எந்த சைரனும் செல்லாது. இதயத்துக்கு 4 மணி நேரம் என்றால், அதில் தைத்து ரத்தம் பாய விடுகிற ஒரு மணி நேரமும் அடக்கம். மூன்று மணி ரோட்டிலேயே போனால் மிச்சம் ஒன்றுமில்லை. 2008இல் சென்னையில் ஹிதேந்திரன் என்ற பையனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போனதைத் தமிழ்நாடே பேசியது. நம் மலையில் அந்த 11 நிமிடத்தில் நாலு வளைவு இறங்குவதே பெரிய காரியம். சிறுநீரகம் என்றால் ஐஸிலேயே தாராளமாகப் போய்விடும், அதற்குப் புழு தேவையில்லை.

உண்மையான தடை அதற்கு முன்னால் இருக்கிறது. மூளைச்சாவு என்று அறிவிக்கச் சட்டப்படி நாலு மருத்துவர்கள் சேர்ந்து சோதிக்க வேண்டும், குறைந்தது 6 மணி நேரம் விட்டு மறுபடியும் சோதிக்க வேண்டும். அதுவரை வென்டிலேட்டரும், பிரஷரைப் பிடித்து வைக்கிற மருந்தும், ராத்திரி முழுக்கப் பக்கத்தில் நிற்கிற ஆட்களும் வேண்டும். உறுப்பை எடுப்பதற்கு உரிமம் பெற்ற மருத்துவமனை வேண்டும். இதயம் துடித்துக்கொண்டிருக்கிற வரை அவருடைய சொந்த ரத்தமே உறுப்புகளுக்கு ஆக்சிஜன் கொண்டுபோகிறது. அதற்கு ஈடான கடத்தியை இன்னும் யாரும் செய்யவில்லை. ஆகவே நம் ஊருக்குச் சரியான வழி, தலையில் அடிபட்டவரை மூச்சுக் குழாய் போட்டு, பிரஷர் விழாமல், கவனமாகக் கீழே கொண்டு சேர்ப்பது. முதலில் அவரைப் பிழைக்க வைக்க. பிழைக்காவிட்டால் அடுத்த பேச்சு. அந்த மூன்று மணி நேரத்தில் ஆக்சிஜன் குறைந்து போன சிறுநீரகத்தை எந்தக் கரைசலில் போட்டாலும் முழுக்க மீட்க முடியாது. புதிய கடத்திகளைப் பற்றி ஆர்வமாக எழுதுகிறேனே தவிர, எனக்கு வரம் கேட்க ஒன்றே ஒன்று உண்டென்றால், மலைக்கு மேலேயே நாள் முழுக்க இயங்குகிற நல்ல ஐ.சி.யூ.வைத்தான் கேட்பேன்.

உங்களால் முடியாமல் போனதற்கு நீங்கள் காரணமில்லை.

மலையில் ஆக்சிஜன் குறைவு என்கிறார்களே. இங்கே பிறந்து வளர்ந்தவர்களின் உறுப்பு தானத்துக்கு ஆகுமா?
– வாசகர், மஞ்சூர்

தாராளமாக ஆகும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். ஆக்சிஜனும் அதே கணக்கு. உடம்பு கொஞ்சம் கூடுதல் சிவப்பணு செய்து ஈடு கட்டிக்கொள்ளும். தானத்துக்கு இது தடையே இல்லை. உங்கள் பிரஷரையும் சர்க்கரையையும் பாருங்கள், மலையைக் குறை சொல்லாதீர்கள்.

மாமியாருக்கு 81 வயது. சர்க்கரை உண்டு, கண்புரை ஆபரேஷனும் ஆகிவிட்டது. கண் தானம் செய்ய ஆசைப்படுகிறார். கிட்னிக்கே இவ்வளவு அவசரம் என்றால், இந்த மலையில் கண்ணுக்கு நேரம் இருக்குமா?
– மருமகள், கோத்தகிரி

இருக்கிறது. கருவிழியில் ரத்தக் குழாயே கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கண்ணீர் வழியாக நேராகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தை நம்பாத திசு என்பதால் பொறுமையும் அதிகம். உயிர் பிரிந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்தால் போதும், வீட்டிலேயே எடுக்கலாம், வென்டிலேட்டரோ நாலு டாக்டரோ வேண்டாம். எடுத்த பிறகு, எந்தக் கரைசலில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, குளிரில் 4 நாள் முதல் 14 நாள் வரை வைக்கலாம். எந்தக் கடத்தியும் தேவையில்லை.

வயது, சர்க்கரை, கண்ணாடி, புரை ஆபரேஷன் எதுவும் தடையில்லை. கண் வங்கியின் எண்ணை இப்போதே வாங்கி ஃபோனில் போட்டு வையுங்கள், உங்கள் கணவரின் ஃபோனிலும். மாமியாரின் விருப்பத்தை மற்றப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். கடைசி நேரத்தில் சம்மதம் கொடுக்க வேண்டியது குடும்பம்தான், சொல்லாமல் வைத்த விருப்பம் அங்கே நிற்காது. நேரம் வரும்போது இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். தலைக்கு ஒரு தலையணை கொடுத்து உயர்த்துங்கள். கண் உலர்ந்து போகும் என்பதால் ஃபேனை நிறுத்தச் சொல்லிக் கையேடுகளில் போட்டிருப்பார்கள். கோத்தகிரியில் ஃபேனுக்கு எங்கே போவது? நீங்கள் ரூம் ஹீட்டரை அணைத்துவிடுங்கள்.